பரிணாமமா, வடிவமைப்பா? பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒட்டி ஒரு கேள்வி

வெண்ணாற்றங்கரை டீச்சர்

வணக்கம். திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ பாடம் முடிந்த கையோடு ஒரு மாணவியின் அப்பா வந்து பார்த்தார். சண்டை போட வரவில்லை, மரியாதையான மனிதர். கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். டார்வின் சொன்னது பொய்த்துவிட்டது, உயிர்களின் உறுப்புகளைப் பார்த்தாலே அறிவுள்ள ஒருவர் திட்டமிட்டு வடிவமைத்தது தெரிகிறது, அமெரிக்காவில் விஞ்ஞானிகளே இப்படிச் சொல்கிறார்கள் என்று அதில் வருகிறது. “ரெண்டையும் சொல்லிக் குடுங்க டீச்சர், பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும்” என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் இல்லை என்பதை அவர் மனம் நோகாமல், வயலும் வாய்க்காலும் தெரிந்த ஒருவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை வைத்து விளக்கினால் இங்கே யாருக்கும் ஒட்டாது. நம்ம ஊர் உதாரணம் இருந்தால் கொடுங்கள். எதிர்க்கருத்து உள்ளவர்களும் தாராளமாக எழுதுங்கள். அதையும் கேட்டுவிட்டுத்தான் அவரிடம் பேசப் போகிறேன்.

கல்லணை நேசன்

டீச்சர், நான் அந்த அப்பா பக்கம்தான். கட்டுமானத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

கல்லணையைப் பார்க்கிற யாராவது, காவிரி வெள்ளம் கல்லை உருட்டிக்கொண்டு வந்து தானாக அடுக்கிவிட்டது என்று சொல்வார்களா? மணல் படுகையில் கல்லை இறக்கி, தண்ணீரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யோசித்து ஒருவன் கட்டியிருக்கிறான். ஒரு செல்லுக்குள் இருப்பது அதைவிடப் பல மடங்கு நுட்பம். பாக்டீரியாவின் வால் இருக்கிறதே, அது சுழலும் மோட்டார். சுழலி, அச்சு, தாங்கி எல்லாம் உண்டு. மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் 1996-இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் கேட்டார்: ஒரு பாகத்தை எடுத்தாலும் ஓடாத இயந்திரம், கொஞ்சம் கொஞ்சமாக எப்படி உருவாகும்? பாதி மோட்டாரால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே தெரியக்கூடாது என்பது என்ன அறிவியல்?

ஆடுதுறைக்காரன்

நேசன் ஐயா, கேள்வி தெரியக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லணைக்கு வாரிசு கிடையாது. அது இன்னொரு கல்லணையைப் பெற்றெடுப்பதில்லை, பெறும்போது சின்னச் சின்ன மாற்றம் வருவதும் இல்லை. உயிருக்கு அது உண்டு. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

டீச்சர், நீங்கள் கேட்ட உதாரணம் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வயலிலேயே நிற்கிறது. காட்டுக் குதிரைவாலி. நாற்றங்காலில் நெல்லோடு முளைத்து, நாற்றுமுடியோடு கட்டப்பட்டு, நடவாளின் கையாலேயே நடப்பட்டு, கதிர் தள்ளும்போதுதான் “அடடா, இது புல்லு” என்று தெரியும் களை. அதன் உறவுக்காரப் புற்கள் வரப்பிலும் தரிசிலும் கிடக்கின்றன. அவற்றைப் பாருங்கள்: தூர் படர்ந்து சாய்ந்து கிடக்கும், அடித்தண்டு செவ்வூதாவாக இருக்கும். வயலுக்குள் நிற்பது அப்படி இல்லை. நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கும், அடித்தண்டு பச்சை.

எப்படி இப்படி ஆனது? களை எடுக்கிறவர்கள் நெல்லிலிருந்து வேறுபட்டுத் தெரிந்த புல்லையெல்லாம் பிடுங்கினார்கள். கொஞ்சம் நெல் சாயலில் இருந்தது கண்ணுக்குத் தப்பியது. தப்பியது விதை போட்டது. அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகளில் இன்னும் நெல் சாயலாக இருந்தது தப்பியது. நூற்றுக்கணக்கான போகங்கள் இப்படியே ஓடினால் நெல்லின் வேஷம் போட்ட புல் வந்து நிற்கிறது. சீனாவில் யாங்சே ஆற்றுப் படுகையில் சேகரித்த இந்தப் புற்களின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நெல் வேஷம் போட்ட புற்கள் வேஷம் போடாதவற்றிலிருந்து சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்றும், தூர் எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்பதை ஆளும் மரபணு போன்றவற்றில் தேர்வின் தடம் இருக்கிறது என்றும் அதில் காட்டியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி களை வேஷத்தை முதலில் விளக்கியவர் ரஷ்யாவின் நிக்கொலாய் வவிலோவ். கோதுமை வயலில் களையாகக் கிடந்துதான் கம்புக்கோதுமை (ரை) பயிராக மாறியது என்று சொன்னவரும் அவரே. மரபியலை அரசியல் எதிரியாகப் பார்த்த ஒரு அரசு அவரைச் சிறையில் போட்டது. 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்துபோனார். பாடத்தில் எது இருக்கலாம் என்பதை அதிகாரம் முடிவு செய்யும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

கடைமடை

நான் வேதாரண்யம் பக்கம். இருபது வயதில் ஆரம்பித்து களை எடுத்த கை இது. ஆடுதுறைத் தம்பி சொல்வது சத்தியமான உண்மை.

எப்படிப் பிரிப்போம் என்று சொல்கிறேன், டீச்சர் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இலை தண்டை விட்டுப் பிரிகிற மடக்கை விரலால் மெதுவாகப் பின்னால் வளையுங்கள். நெல்லாக இருந்தால் அந்த இடத்தில் வெள்ளையாக, மெல்லிசாக, நுனி பிளந்த நாக்கு ஒன்று நிற்கும். இரண்டு பக்கமும் மயிர் வைத்த குட்டிக் காது மாதிரி இருக்கும். புல்லில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும், நாக்கும் இல்லை, காதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தூருக்கும் குனிந்து இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மா வயலை ஒரு நாளில் முடிக்க முடியாது. நிறத்தையும் நிற்கிற வாட்டத்தையும் பார்த்துத்தான் கை போகும்.

வெண்ணாற்றங்கரை டீச்சர்

அக்கா, இது புத்தகத்தில் இல்லாத பாடம். யோசித்துப் பார்த்தால் அந்தப் புல் எதை மாற்றிக்கொண்டதோ அதெல்லாம் நீங்கள் பார்த்த விஷயங்கள், நிறமும் வாட்டமும். நீங்கள் நின்று பார்க்காத நாக்கும் காதும் இன்னும் வரவே இல்லை!

ஆடுதுறைக்காரன்

டீச்சர், நான் எழுத நினைத்து விட்டுப்போனது அதுதான். ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து நெல் மாதிரி புல் செய்திருந்தால் நாக்கையும் சேர்த்துச் செய்திருப்பார். தேர்வு கண் போன இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும்.

கல்லணை நேசன்

நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, உங்கள் கதையில் அறிவுள்ள மனிதர்கள் இருக்கிறார்களே! களை எடுத்தது மனுஷி. அப்படியானால் அது அறிவின் தேர்வுதானே? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல் ரகம் உண்டாக்குவது போல.

இன்னொன்று. புல் புல்லாகவேதான் இருக்கிறது. அது நெல்லாகவும் ஆகவில்லை, மரமாகவும் ஆகவில்லை. ஓர் இனத்துக்குள் சின்ன மாற்றம் வருவதை வடிவமைப்புத் தரப்பினரும் மறுப்பதில்லை. மீன் காலோடு கரையேறியது என்பதுதான் எங்களுக்கு நம்ப முடியாதது.

கடைமடை

ஐயா, ஆடுதுறையில் ரகம் எடுப்பவர்கள் நல்ல நெல் வேண்டும் என்று எடுக்கிறார்கள். நாங்கள் அந்தப் புல்லே இருக்கக்கூடாது என்று பிடுங்கினோம். எங்கள் மனதில் இருந்தது அதை அழிப்பது. கிடைத்ததோ அழிக்க முடியாத புல். நாங்கள் நினைத்ததற்கு நேர் எதிராக நடந்ததை எங்கள் அறிவு வடிவமைத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆடுதுறைக்காரன்

அக்கா சொன்னதற்கு மேல் அதில் சேர்க்க ஒன்றும் இல்லை. மனித அறிவே தேவையில்லை என்பதற்கு, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைப் பாருங்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 ரகத்தை வெளியிட்டது. ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பிய ரகம். சில வருடங்களிலேயே அந்த நெல்லில் வாழக்கூடிய புகையான் பெருகிவிட்டது. 1976-இல் வேறு மரபணுவோடு ஐ.ஆர். 36 வந்தது. அதையும் பூச்சி பின்னால் துரத்தியது. எந்தப் பூச்சிக்கும் யாரும் பாடம் எடுக்கவில்லை. கோடிக்கணக்கில் இருந்ததில் எவற்றால் அந்தச் சாற்றைக் குடித்துப் பிழைக்க முடிந்ததோ அவை முட்டையிட்டுப் பெருகின, அவ்வளவுதான். இது புரியாமல் ஒரே ரகத்தை மாவட்டம் முழுக்கப் போட்டால் வயல் வட்டம் வட்டமாகக் கருகுவதைத்தான் பார்க்க வேண்டும். பரிணாமத்தைப் பாடத்தில் வைப்பது விவசாயிக்கு இந்த அளவுக்குத் தேவை.

அலையாத்தி

மீன் கரையேறுவதைப் பற்றி நேசன் ஐயா எழுதியதால் வருகிறேன். முத்துப்பேட்டைக்காரன், மீன்வளம் படித்தவன்.

ஐயா, நம்ம ஊர் மீன் கரையேறுகிறது. பனையேறிக் கெண்டையைச் சொல்கிறேன். குட்டை வற்றினால் செவுள் மூடியின் விளிம்பில் இருக்கும் முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, அடுத்த தண்ணீருக்கு நகர்ந்து போகும். உலக அறிவியலுக்கு இதைச் சொன்னதே நம்ம தரங்கம்பாடிதான். அங்கே இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி 1791-இல் ஒரு பனைமரத்தில் இந்த மீனைக் கண்டதாக எழுதினார். 1797-இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. பின்னாளில், 1858-இல், டார்வினும் வாலஸும் எழுதியவை முதன்முதலாக வாசிக்கப்பட்டது அதே சங்கத்தில்தான். மீன் உண்மையிலேயே பனை ஏறுமா என்பதில் வாதம் உண்டு. தரையில் போவதில் இல்லை.

செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் மேல் பக்கம் ஓர் அறை. அதற்குள் பூ இதழ் அடுக்கினது போல மெல்லிய எலும்புத் தகடுகள், மேலே இரத்தக் குழாய் ஓடும் தோல். காற்றை வாயால் விழுங்கி இங்கே மூச்சு வாங்குகிறது. மேலே வந்து காற்று எடுக்க விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ‘பாதி உறுப்பால் என்ன பயன்’ என்று கேட்கத் தோன்றும் உறுப்புதான். ஆனால் அந்தத் தகடுகள் புதிதாகச் செய்யப்பட்டவை அல்ல, முதல் செவுள் வளைவு எலும்பின் மேல் துண்டு விரிந்து மடிந்தவை. இதன் நெருங்கிய உறவு விரால். அதிலும் அதே இடத்தில் அறை இருக்கிறது, ஆனால் மடிப்பு குறைவு, அமைப்பு எளிது. விரால் அந்த எளிய உறுப்பை வைத்துக்கொண்டு நன்றாகவே பிழைக்கிறது. ஆக, குறைவான மடிப்பாலும் பயன் உண்டு, அது நம்ம சந்தையில் கூடையில் கிடக்கிறது.

அதே குட்டையில் தேளியும் இருக்கிறது. அதுவும் காற்றை விழுங்கும் மீன். ஆனால் அது கெளுத்தி வகை, தூரத்து உறவு. அதற்கு இந்தத் தகடுகள் இல்லை. செவுள் அறையிலிருந்து இரண்டு நீளமான பைகள் பின்பக்கமாக முதுகுச் சதைக்குள் போகின்றன. ஒரே சேறு, ஒரே தேவை, ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னோரிடமிருந்து வந்த சாமானை வளைத்து வேலையை முடித்திருக்கிறது. உறவு நெருங்க நெருங்க உறுப்பும் ஒத்துப்போகிறது. வம்சாவளியாக வந்தால் இப்படித்தான் இருக்கும்.

கல்லணை நேசன்

வடிவமைத்தவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகச் செய்திருக்கலாமே? அவர் விருப்பம்.

அலையாத்தி

செய்திருக்கலாம் ஐயா. ஒரே விதமாக இருந்தாலும் அவர் விருப்பம், வேறு விதமாக இருந்தாலும் அவர் விருப்பம் என்றால், எந்த மீனை அறுத்துப் பார்த்தும் அந்தக் கருத்து தப்பு என்று காட்ட வழியே இல்லை. விராலுக்குள் தேளியின் பை இருந்து, பனையேறிக்குள் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தால் நான் சொன்ன வம்சாவளிக் கணக்கு உடைந்திருக்கும். உடையக்கூடிய கருத்தைத்தான் சோதிக்க முடியும். என் மனதில் இந்த விவாதத்தின் முடிச்சு இதுதான்.

கொள்ளிடம் தாண்டி

பெரிய மாற்றத்துக்குச் சான்று கேட்டால் கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் வாருங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகள், சிப்பிகள். வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது, டெல்டாவிலிருந்து பிள்ளைகளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய்வரும் தூரம்தான். அம்மோனைட்டுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறையோடு உலகம் முழுக்க நின்றுவிடுகின்றன. அந்த அடுக்கில் மாட்டெலும்பையோ மனித எலும்பையோ இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை.  

முன்கூட்டியே சொல்லித் தேடிக் கண்டுபிடித்ததும் உண்டு. கால் முளைக்கும் கட்டத்து மீன் 37.5 கோடி ஆண்டுப் பழைய ஆற்றுப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, கனடாவின் வட முனைப் பக்கம் எல்ஸ்மியர் தீவில் தேடினார்கள். 2004-இல் டிக்டாலிக் கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. கழுத்தும் துடுப்புக்குள் இருக்கும் மணிக்கட்டு எலும்பும் கரை விலங்குக்குரியவை.

குடந்தை வக்கீல்

‘ரெண்டையும் சொல்லிக் கொடுங்கள்’ என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போயிருக்கிறது டீச்சர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூர். 2004-இல் அங்கே பள்ளி வாரியம், உயிரியல் வகுப்பில் வடிவமைப்புக் கருத்தையும் மாற்றாக அறிவிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. பெற்றோர் பதினோரு பேர் வழக்குப் போட்டார்கள். பீஹி பள்ளி வாரியத்தின் சார்பில் சாட்சி சொன்னார். அறிவியலுக்கு நீங்கள் கொடுக்கும் விளக்கப்படி சோதிடமும் அறிவியல் ஆகிவிடுமே என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, ஆகும் என்று ஒப்புக்கொண்டார். நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். 2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பில் இது அறிவியல் அல்ல, மதக் கருத்தே என்றார்.

நேசன் ஐயா கேட்ட வால் மோட்டாரும் அங்கே பேசப்பட்டது. உயிரியலாளர் கென்னத் மில்லர் சாட்சியத்தில் காட்டியது இது: அந்த மோட்டாரின் பாகங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் சுமார் பத்துப் புரதங்களோடு ஒத்த ஓர் அமைப்பு, பிளேக் கிருமி போன்றவற்றில் நஞ்சை ஊசி போல ஏற்றும் கருவியாக வேலை செய்கிறது. சுழலாது, ஆனால் வேறு வேலை செய்யும். பீஹி இரத்த உறைதலையும் இப்படிக் குறைக்க முடியாத சங்கிலி என்றார். அந்தச் சங்கிலியில் நமக்கு இருக்கும் 12-ஆம் காரணி என்ற புரதம் டால்பினுக்கு இல்லை. அதன் இரத்தம் உறையத்தான் செய்கிறது.

அந்தத் தீர்ப்பு நம்ம நாட்டைக் கட்டுப்படுத்தாது. நமக்கு அரசியல் சட்டம் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என்று இருக்கிறது. அந்த அடிப்படை போதும்.

வேளாங்கண்ணி சாலை

ஒரு கிறிஸ்தவனாகச் சொல்கிறேன். மேலே வந்த கென்னத் மில்லர் கத்தோலிக்கர். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இலேயே பரிணாமம் வெறும் ஊகத்தைத் தாண்டிய ஒன்று என்று ஏற்றுக்கொண்டார். பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விட வேண்டும் என்று அந்தக் காணொளி பயமுறுத்துகிறது. அந்த அப்பாவின் மனதில் இருப்பது அந்தப் பயமாகத்தான் இருக்கும். முதலில் அதைப் பேசுங்கள் டீச்சர், மீனும் புல்லும் அப்புறம்.

திருவாசகப் பித்தன்

எங்கள் பக்கத்திலும் ஒரு வேண்டுகோள். ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று மாணிக்கவாசகர் அன்றே பரிணாமம் சொன்னார் என்று மேடைகளில் பேசுகிறார்கள். தயவுசெய்து வகுப்பில் அதைச் சொல்லாதீர்கள். அந்த வரிசை பாம்பு, கல், மனிதர், பேய், கணங்கள் என்று போகிறது. பிறந்து பிறந்து இளைத்த ஓர் உயிர் இறைவனிடம் அழும் அழுகை அது. அதை உயிரியல் பாடமாக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

கல்லணை நேசன்

வால் மோட்டாருக்கு நேரடியான பதில் கேட்டேன், கிடைத்தது, நன்றி. படித்துப் பார்க்கிறேன். ஆனால் முதல் உயிர் எப்படி வந்தது என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. அங்கே நான் நிற்கிறேன், நகர மாட்டேன்.

ஆடுதுறைக்காரன்

நில்லுங்கள் ஐயா. 1953-இல் ஸ்டான்லி மில்லர் (மேலே வந்த கென்னத் மில்லர் அல்ல), ஹெரால்ட் யூரி ஆகியோரின் சோதனையில் எளிய வாயுக்களிலிருந்து அமினோ அமிலங்கள் கிடைத்தன. அதிலிருந்து முதல் செல் வரை உள்ள பாதை இன்னும் திறந்த கேள்விதான். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லலாம். பரிணாமம் பேசுவது உயிர் வந்தபிறகு நடந்ததை.

வெண்ணாற்றங்கரை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. 2023-இல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நம்ம மாநிலப் பாடத்தில் அது இருக்கிறது, அதை நான் நன்றாக நடத்த வேண்டும்.

இப்படிச் செய்யப் போகிறேன். அந்த அப்பாவிடம், கடவுள் நம்பிக்கைக்கும் இந்தப் பாடத்துக்கும் பகை இல்லை என்று முதலில் சொல்வேன். வடிவமைப்புக் கருத்தை மாற்றுப் பாடமாக நடத்த மாட்டேன் என்பதையும், அலையாத்தி எழுதிய காரணத்தோடு சொல்லிவிடுவேன். அவருடைய கேள்விகளை மகள் வகுப்பில் கேட்கட்டும், நேசன் ஐயா கேட்டதையும் சேர்த்தே.

கடைமடை அக்கா, சம்பா நாற்று பறிக்கும் சமயத்தில் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு வர முடியுமா? நாற்றங்காலில் நெல்லையும் புல்லையும் நீங்கள்தான் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த அப்பாவையும் கூப்பிடுகிறேன், வயல் அவருடையதுதான்.

கடைமடை

வருகிறேன் டீச்சர். பறிப்புக்கு நாலு நாள் முன்னால் சொல்லுங்கள். புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.